சுவர் பின்னோக்கிப் போன பாட்டு

அந்தப் பாட்டில் நான் மூன்று இடத்தில் வருகிறேன். முதல் இடத்தில் என் கை மட்டும். இரண்டாவதில் முதுகு. மூன்றாவதில்தான் முகம் தெரியும், அதுவும் டீ குடிக்கிற முகம். குடிக்கிற என்று சொல்வது சரியில்லை. அதற்கு வருகிறேன்.

நான் கொத்தனார். வீடு விழுப்புரத்தில்; வேலை, எந்த ஊரில் கிடைக்கிறதோ அங்கே. போன வருஷம் முக்கால்வாசி நாள் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஏரிக்கரை ஓரமாக ஒரு வீட்டு வேலை நடந்தது. காலையில் சோற்று டப்பாவோடு பஸ் ஏறினால் விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் ஒரு தூக்கம் போட்டுவிடலாம்.

அந்த வீட்டுக்காரருக்கு அண்ணன் மகள் ஒருத்தி, வானூர் பக்கம். படம் எடுப்பதைப் பற்றிப் படித்தவள். சினிமா கம்பெனி எதுவும் இல்லாமல், கூடப் படித்த நாலு பேரோடு சேர்ந்து சொந்தமாகப் பாட்டு கட்டி, அதற்குச் சொந்தமாகப் படமும் எடுத்து, போனில் எல்லோரும் பார்க்கிற மாதிரி விடுகிறாள். வெறும் மனையில் தொடங்கி பெயின்ட் அடிக்கிற வரை ஒரு வீடு எழும்புவதைப் பாட்டில் காட்ட வேண்டும், அதற்காக நான்கு தடவை வருவோம் என்றாள். சித்தப்பா சரி என்றார். என்னைக் கேட்டபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினேன். கேமரா என் பக்கம் திரும்பினாலே எனக்குக் கழுத்து வியர்த்துவிடும்.

முதல் தடவை வந்தபோது மனை வெறும் புல்லாகக் கிடந்தது. கேமரா நிற்க வேண்டிய இடத்தில் ஒரு முளைக்குச்சி அடித்து, "இத மட்டும் யாரும் புடுங்கிடாதீங்கண்ணா" என்று கேட்டுக்கொண்டாள். பிடுங்காமல் இருக்க நான் சுற்றிலும் நாலு செங்கல் வைத்தேன். அதன் பிறகு நடிக்க வந்த பெண்ணும் ஆணும் ஆளுக்கு ஒரு முனையாகக் கயிறு பிடித்து மனையை அளந்தார்கள். அளந்தார்கள் என்று பெயர். கயிறு நடுவில் தொய்ந்து புல்லைத் தொட்டது. இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குக் கை பரபரத்தது. அந்தக் கயிற்றில் அளந்தால் ஒரு அடி மாறிப்போகும். நான் முனையை இழுத்துப் பிடிக்கப் போனேன்.

"விடுங்கண்ணா. அவங்களுக்குத் தெரியாமதான் புடிக்கிறாங்க. அது அப்பிடியே இருக்கட்டும்."

விட்டுவிட்டேன். ஆனால் அன்று முழுக்க அந்தக் கயிறுதான் கண்ணில் ஆடியது.

இரண்டாவது தடவை, செங்கல் சுவர் இடுப்பு உயரத்துக்கு வந்தபோது எடுத்துக்கொண்டு போனார்கள். தொந்தரவில்லை. மூன்றாவது தடவைதான் நான் கெடுத்தேன்.

அன்று பூச்சு வேலை. சுவரில் பாதி பூசிப் பாதி செங்கலாக இருக்க வேண்டுமாம், அந்தக் கோட்டில் கதாநாயகன் சாய்ந்து நிற்பானாம். காலையில் நான் பூசுவதை எடுத்தார்கள், நான் டீ குடிப்பதையும் எனக்குத் தெரியாமல் எடுத்து, பிறகு காட்டி, "போடலாமாண்ணா?" என்று கேட்டார்கள். வெட்கத்தில் சரி என்றேன். மதியம், "பாதியிலயே இருக்கட்டும்ணா, திண்டிவனம் போய் சாப்ட்டு வந்துடறோம்" என்று கிளம்பினார்கள்.

உச்சி வெயில். பாதியில் நிறுத்திய பூச்சு ஓரத்தில் காய ஆரம்பித்தது. அப்படிக் காய்ந்த பிறகு அடுத்த பாதியை ஒட்டினால், அந்த இடத்தில் ஒரு கோடு விழும். பெயின்ட் அடித்தாலும் தெரியும். அடுத்த மழைக்கு அங்கேதான் வெடிக்கும். சோற்றைத் தின்றேன், சுவரைப் பார்த்தேன். தண்ணீர் குடித்தேன், மறுபடி பார்த்தேன். அரை மணி நேரம் பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. கலவை போடச் சொன்னேன்.

அவர்கள் திரும்பி வந்தபோது சுவர் முழுக்கப் பூசி, மணியாஸ் கட்டையால் தேய்த்து வழவழப்பாக்கிக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, பாதி செவுரு எங்கண்ணா?"

"ஜாயின்ட்டு வுழுந்துடும்மா" என்றேன், சுவரைப் பார்த்தபடி.

அவர்களில் பாட்டுப் பாடுகிற இளைஞன் மணல் மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். படம் எடுக்கிற பெண் சிரிக்கவில்லை. காலையில் எடுத்ததை வைத்து ஏதாவது செய்யலாமா என்று கேமராவின் சின்னத் திரையில் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தாள். பார்த்தவள் நின்றுவிட்டாள். மறுபடி ஓட்டினாள். எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு என்னிடம் வந்து, "அண்ணா, நீங்க என் கதையவே கவுத்துட்டீங்க" என்றாள்.

திட்டுகிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். நான்காவது தடவை பெயின்ட் வேலையை எடுக்க வந்தபோது மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஏதோ வேலை இருப்பது போல உட்கார்ந்துகொண்டேன்.

பல மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, போனில் பாட்டு வந்தது. "எப்படி இருக்குன்னு சொல்லுங்கண்ணா" என்று எழுதியிருந்தாள். எங்கள் வீட்டில் போன் என் பெயரில் இருந்தாலும் ஆட்சி என் மனைவியுடையது. அவள் பாட்டைத் திறந்தாள், என் கை வந்ததைக் கண்டாள், அந்தச் சந்தோஷத்தில் மேற்கொண்டு பார்க்காமலே காணையில் இருக்கிற தன் அம்மா வீட்டுக் குரூப்புக்கு அனுப்பிவிட்டாள். கூடவே ஒரு வரி: எங்க வீட்டுக்காரரு நடிச்ச பாட்டு.

அந்த வாரத்தில் அதை அனுப்பியதுதான் வினை. வெள்ளிக்கிழமை காணையில் என் மச்சானுடைய மனையில் பூமி பூஜை. மச்சான் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன், முதல் முறையாகச் சொந்த வீடு கட்டப்போகிறான். அதை நான் கட்டுவதாகப் பேச்சு. என் மனைவி அதற்காக இரண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி வந்தாள். எனக்கும் ஆசை இருந்தது, வெளியில் சொன்னதில்லை. எத்தனையோ வீடு கட்டியிருக்கிறேன். கிரகப்பிரவேசத்துக்கு வேட்டி துண்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் அதோடு சரி. நான் பூசிய சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்து ஒரு நாளும் சோறு தின்றதில்லை. மச்சான் வீடு என்றால் தின்னலாம்.

பத்து நிமிஷத்தில் மச்சானிடமிருந்து போன். மனைவி ஸ்பீக்கரில் போட்டு, கூடவே பாட்டையும் திறந்தாள்.

"இன்னா மாமா, டீய வாய்லருந்து கிளாஸுக்கு ஊத்திக்கினு இருக்க?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். பாட்டு முழுக்கப் பின்னோக்கி ஓடியது. பெயின்ட் ரோலருக்குத் திரும்பிப் போனது. நான் சுவரில் கொத்துக்கரண்டி வைக்க வைக்கப் பூச்சு கழன்று கரண்டிக்கு வந்தது, உள்ளே செங்கல் தெரிந்தது. நான் காலி கிளாஸை வாயில் வைத்து, அது நிறைந்ததும் எடுத்து, ரொம்ப மரியாதையாக டீக்காரம்மாவிடம் திருப்பிக் கொடுத்தேன். மச்சான் சிரித்துச் சிரித்து இருமினான்.

ஆனால் அவனுக்குப் பின்னாலிருந்து மாமியார் குரல் கேட்டது. "வெள்ளிக்கெழம பூஜய வெச்சிக்கினு, வீட்ட பேத்துப் போடுற கையா வந்து மனைக்கு அளவு நூலு கட்டணும்? நல்லாவா இருக்குது? கோலியனூர்ல ஒரு மேஸ்திரி இருக்காருன்னு சொன்னியே, அவர கேளு."

என் மனைவி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அந்த டீயயாச்சும் ஒழுங்கா குடிச்சித் தொலச்சிருக்கக் கூடாதா?" என்றாள். நான் ஒழுங்காகத்தான் குடித்தேன். சொன்னால் எடுபடாது.

புதன்கிழமை காலை காணைக்குப் போய்ப் பேசிவிட்டு வருவதென்று முடிவானது. அதற்குள் எனக்கு இருந்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலமும், மறுநாள் பஸ் பயணமும்தான். போனை வாங்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து பார்த்தேன். ஐந்தாவதோடு நின்றவன்தான், ஆனால் கட்டடத்தைப் பார்த்தால் எந்த வரிசையில் எழும்பியது என்று சொல்லத் தெரியும். பாட்டையும் அப்படித்தான் பார்த்தேன்.

முதல் காட்சி, பெயின்ட் அடித்த வீடு. கதவில் பூட்டு. கேட்டில் யாரும் எடுக்காத கரண்ட் பில் செருகிக் கிடக்கிறது. நடித்த பெண்ணும் ஆணும் ஆளுக்கு ஒரு பக்கமிருந்து, முதுகு முன்னால் வர, நடந்து வந்து கதவருகே சேர்கிறார்கள். பூட்டு திறக்கிறது. அதாவது, உண்மையில் அவர்கள் பூட்டிவிட்டுப் பிரிந்து போகிறார்கள். இதை ஒரு சொல்லால்கூடப் பாட்டு சொல்லவில்லை. பாட்டில் வீடு என்ற சொல்லே கிடையாது. "வா, இன்னும் கொஞ்சம் வா" என்பதையே அந்த இளைஞன் வெவ்வேறு மாதிரி பாடுகிறான்.

வீட்டை முழுசாகக் காட்டுகிற இடங்களில் கேமரா அசையவே இல்லை. நான் செங்கல் வைத்துக் காத்த அந்த முளைக்குச்சி இடத்திலேயே நிற்கிறது. அதனால் வீடு குறையக் குறைய, அது மறைத்திருந்த பனை மரம் தெரிகிறது, அப்புறம் ஏரிக்கரை, அப்புறம் ஆகாசம். வீடு இடிந்தால் கற்குவியல் இருக்கும், தூசி இருக்கும். இங்கே ஒன்றும் சிதறவில்லை. செங்கல் ஒவ்வொன்றும் போய்த் தன் அடுக்கில் ஒழுங்காக உட்காருகிறது.

தாளத்தில் ஒரு சத்தம் வருகிறதே, அது எங்கோ கேட்டதாக இருந்தது. நாலாவது முறை பாட்டைப் பார்க்கும்போதுதான் புரிந்தது. என் கரண்டி. பூசும்போது சர்ரக் என்று கேட்கும். அதைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். யாரோ மூச்சை உள்ளே இழுப்பது போல இருக்கிறது. வாசலில் உட்கார்ந்து எனக்கு நானே சிரித்தேன். உள்ளேயிருந்து, "சிரிப்பு வேற வருதா?" என்று குரல் வந்தது.

புதன்கிழமை காணை போகிற பஸ்ஸில் என் மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். நான் சத்தத்தைக் குறைத்து இன்னும் இரண்டு தடவை பார்த்தேன்.

மச்சான் வீட்டில் டிவியில் பாட்டைப் போட்டுத் தயாராக வைத்திருந்தான். வாடகை வீட்டின் அந்தச் சின்ன அறையில் மாமியார், மச்சான், அவன் மனைவி, நாங்கள் இருவர். தங்கச்சி (மச்சானின் மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) டீ கொண்டு வந்தாள்.

"மாமாவுக்குக் காலி கிளாஸ் குடு, அவரே ரொப்பிப்பாரு" என்றான் மச்சான்.

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவிகூட உதட்டைக் கடித்தாள். மாமியார் சிரிக்கவில்லை. பாட்டு ஓடி, பூச்சு கழன்று செங்கல் தெரிந்ததும், "நிறுத்துடா. போதும். பாக்கவே மனசு பேஜாரா இருக்குது" என்றார். அப்போதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. அவர்கள் யாரும் ஒரு தடவைகூடக் கடைசி வரை பார்க்கவில்லை. டீயில் சிரித்தவர்கள் அங்கேயே நிறுத்தியிருந்தார்கள், செங்கலில் பயந்தவர் அங்கேயே.

மச்சானுக்கு எங்கள் மேல் பாசம். அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். "யம்மோவ், இது இன்னா பெரிய விசயம்? இங்க பாரு" என்று போனில் விரலை வைத்துப் பாட்டைக் கடைசியிலிருந்து முன்னால் இழுத்தான். டிவியில் வீடு விட்டு விட்டு எழும்பியது. செங்கல், பூச்சு, பெயின்ட்.

மாமியார் முகம் மலர்ந்தது. "இதான் நல்லாருக்குது. மாப்ள கட்டுறாரு பாரு. இப்பிடியே வெச்சிக்க, அது வாணாம்."

"அப்ப வெள்ளிக்கெழம ஓகே தானம்மா?" என்றாள் என் மனைவி ஜல்தியாக.

நான் வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். வழக்கமாக அதைத்தான் செய்வேன். ஆனால் பாதிச் சுவரைப் பார்த்தபோது வந்த அதே அரிப்பு வந்தது.

"அப்பிடிப் பாத்தாதான் அத்தை நல்லா இல்ல" என்றேன்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் பேசியதே ஆச்சரியம், அதுவும் வேண்டாததைப் பேசினேன்.

"ஏன் மாமா?"

"இன்னும் கொஞ்சம் இழு மச்சான். கடைசி வரைக்கும்."

இழுத்தான். பெயின்ட் அடித்த வீடு வந்தது. அந்தப் பெண்ணும் ஆணும் கதவைச் சாத்தினார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் போனார்கள். பூட்டு மட்டும் நின்றது.

"அய்யோ" என்றார் மாமியார். "பூட்டா?"

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் கோலியனூர் மேஸ்திரி நூலோடு நின்றுகொண்டிருந்தார்.

இனி நிறுத்த முடியாது. என் காது சுட்டது. டிவியைப் பார்த்தபடியே பேசினேன், அவர்கள் முகத்தைப் பார்த்தால் நின்றுபோய்விடும். "கட்டுற மாதிரி பாத்தா, கட்டி முடிச்சி, பூட்டிட்டு, பிரிஞ்சி போறாங்க. படம் எடுத்த பொண்ணு அதுக்காவத்தான் திருப்பிப் போட்டிருக்குது. வீட்ட அழிக்கல அத்தை. அந்த ரெண்டு பேரயும் பின்னால இட்டுக்கினு போவுது. பாரு, எல்லாரும் வாங்கினத திருப்பிக் குடுக்கிறாங்க. பெயின்ட்டு டப்பாவுக்குப் போவுது. செங்கல் அடுக்குக்குப் போவுது. நான் டீயக் குடுத்துடறேன். கடைசில அவங்க கைல இன்னா இருக்குதுன்னு பாக்கணும். மச்சான், மொதல்லருந்து போடு. நிறுத்தாத."

என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது கிடையாது.

மச்சான் போட்டான். இந்தத் தடவை டீ வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. தங்கச்சிதான் மெல்லச் சொன்னாள்: "அண்ணா, அந்தப் பொண்ணு மொதல்ல சாம்பல் கலர் பொடவதான கட்டிக்கினு இருந்துச்சி? இப்ப மஞ்ச ஏறிக்கினே வருது பாருங்க." நான் அதைக் கவனித்திருக்கவில்லை. செங்கலையும் சிமென்ட்டையுமே பார்த்திருக்கிறேன். படம் முழுக்க அந்த இரண்டு நிறம்தான், நடுவில் அவள் புடவை மட்டும் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகிறது.

சுவர் மண்ணுக்குள் இறங்கியது. புல் வந்தது, பனை மரம் முழுசாக வந்தது. பளிச்சென்ற மஞ்சள் புடவையில் அந்தப் பெண்ணும், எதிர்முனையில் அந்த ஆணும். கையில் கயிறு மட்டும்.

"கயிறு தொய்ஞ்சிருக்குதே மாப்ள" என்றார் மாமியார்.

"சிரிப்புல புடிக்கத் தெரியல அத்தை. பாட்டு பூரா நாங்க கட்டின நூலு வருது, எல்லாம் வெறப்பா இருக்கும். இங்க மட்டுந்தான் தொய்வு."

அவர் டிவிக்கு இன்னும் கிட்டே நகர்ந்தார். மாமியார் இருபது வருஷமாக ஆடு வளர்க்கிறவர். திடீரென்று திரையில் விரலை வைத்தார். "ந்தா, இது நேரா போவுது!"

ஒரு ஆடு. மனையின் ஓரத்தில் மேய்ந்துகொண்டே போனது. நான் அத்தனை தடவை பார்த்தும் அது என் கண்ணில் படவில்லை.

"இன்னாம்மா நேரா?" என்றான் மச்சான்.

"டேய், இதுவரிக்கும் காக்கா வால முன்னால விட்டுக்கினு பறந்துச்சி, ரோட்ல பஸ்ஸு பின்னால பின்னால போச்சி. இந்த ஆடு நேராத்தான் நடக்குது. நல்லா பாரு."

மச்சான் நிறுத்தி மறுபடி போட்டான். உண்மைதான். அந்தக் கடைசி இடத்தை மட்டும் படம் எடுத்தவள் திருப்பாமல் அப்படியே விட்டிருந்தாள். இழுத்துக்கொண்டு வந்த காலத்தை அங்கே கொண்டுவந்து நிறுத்தி, நேராக நடக்க விட்டிருக்கிறாள்.

"அப்ப இனிமேதான் கட்டப் போறாங்க" என்றார் மாமியார், தனக்குள் சொல்லிக்கொள்கிற மாதிரி. பிறகு என்னைக் கேட்டார்: "இந்த வாட்டியாச்சும் ஒண்ணா இருப்பாங்களா?"

"அதப் பாட்டுல சொல்லல அத்தை."

"சொல்ல வாணாம். அந்தச் சிரிப்பு போதும்." எழுந்து முந்தானையை உதறினார். "மாப்ள, வெள்ளிக்கெழம வெள்ளனவே வந்துடு. கோலியனூரு ஆளுக்கு யாரும் போன் பண்ணலியே?"

"நீதான பண்ணச் சொன்ன?" என்றான் மச்சான்.

"நான் சொன்னா உடனே செஞ்சிடுவியா? மிக்சிய ரிப்பேர் பண்ணுன்னு சொன்னதுக்கு ஆறு மாசம் ஆச்சி."

திரும்பி வருகிற பஸ்ஸில் என் மனைவி ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தாள். ஊர் வந்து சேர்வதற்குள் படம் எடுத்த பெண்ணுக்குப் பதில் எழுதினேன். எழுத்துக்கூட்டி எழுதுகிறவனுக்கு ஓடுகிற பஸ்ஸில் அது பெரிய வேலை. "பார்த்தோம். ஆடு நல்லா இருக்கு" என்று எழுதி அனுப்பினேன். அவளிடமிருந்து வரிசையாகச் சிரிப்பு முகங்கள் வந்தன. அதன் கீழே, அந்த ஆட்டை இதுவரை யாரும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாள். என் மாமியார் பார்த்தது என்று உடனே இன்னொன்று அனுப்பினேன். அந்தப் பெயரை நான் எடுத்துக்கொள்ளக் கூடாது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் காணையில் இருந்தேன். ஈசானி மூலையில் குழி எடுத்து, செங்கல்லுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மாமியார் நவதானியம் போட்டார். பூஜை முடிந்து அளவு எடுக்க வேண்டும். நான் பையிலிருந்து கயிற்றை எடுத்தபோது, "நாங்க புடிக்கிறோம் மாமா" என்று மச்சான் ஒரு முனையைப் பிடுங்கிக்கொண்டான். இன்னொரு முனையைத் தங்கச்சி பிடித்தாள். என் மனைவி போனில் படம் எடுக்க நின்றாள். "டேய், நேரா நில்லுடா" என்று அதட்டினாள்.

"நீ நேரா எடுடி. பின்னால ஓட்டிடப் போற" என்றார் மாமியார்.

அதைக் கேட்டு மச்சானுக்கும் தங்கச்சிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கயிறு நடுவில் தொய்ந்து மல்லாட்டைச் செடியைப் பிடுங்கிக் கடலை எடுத்து முடித்த அந்தச் செம்மண்ணைத் தொட்டது. தப்பான அளவு. என் கை தானாக நீண்டது. பிறகு பையில் முளைக்குச்சி தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அவர்கள் சிரித்து முடிக்கிற வரை குச்சி எனக்குக் கிடைக்கவில்லை.